யேசுரட்ணத்தார் தெரிவு செய்த ரிவோல்வர்

யேசுரட்ணத்தாருக்கு எதையும் அரைகுறையாக வாங்கத் தெரியாது. ஒரு குளிர்ப்பெட்டி வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்கி, விற்கிறவனுக்கே வெறுத்துப் போகும்வரை கேள்வி கேட்பார். 1991ஆம் ஆண்டு அவர் வாங்கப் புறப்பட்டது ஒரு ரிவோல்வர்.

லண்டன் இல்ஃபோர்டில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. பால், பேப்பர், சிகரெட், பியர். அந்த வருஷம் மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம், மூன்று வெள்ளைப் பெடியன்கள் வந்து பியர் கேட்டார்கள். வயது காணாது என்று அவர் மனைவி அருமைநாயகி மறுத்தாள். ஒருவன் வாசலில் கிடந்த, பால் போத்தல் அடுக்கும் கிரேட்டைத் தூக்கி அவள் கையில் அடித்தான். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. முக்கால் மணித்தியாலம் கழித்து வந்த பொலிஸ், ஒரு துண்டில் முறைப்பாட்டு நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த நம்பரை வைத்து என்ன செய்வது, நாக்கு வழிப்பதா?

மன்னாரில் ஆமிக்குப் பயந்து ஓடி வந்த மனிதர் அவர். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துகொண்டு, இனி ஓடுவதில்லை என்று முடிவு கட்டினார்.

இந்த நாட்டில் உயிரைக் காப்பாற்ற என்று கேட்டால் துவக்குக் கிடைக்காது. ஆனால் சுடும் கிளப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஒழுங்காகப் பழகி, விளையாட்டுக்கு என்று கேட்டால் பொலிஸ் அனுமதிப் பத்திரம் தரும். விளையாட்டுக்குக் கடதாசியில் ஓட்டை போடுகிறவனுக்கு இருக்கிற உரிமை, கை முறிந்தவளுக்கு இல்லை. இதைக் கேட்ட நாளிலிருந்து அவருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டே பேசும் பழக்கம் வந்தது. இருந்தாலும் ரொம்ஃபோர்ட் பக்கம் ஒரு கிளப்பில் சேர்ந்தார். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போனால் ஐந்தரைக்குத்தான் வருவார். அந்த நேரமெல்லாம், சித்திரையில்தான் மாக்கட்டு வெட்டியெடுத்த முறிந்த கையோடு அருமைநாயகி கடையைப் பார்த்தாள்.

கிளப்பில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். தானியங்கிப் பிஸ்டல்தான் நல்லது, ரவை கனக்கப் போடலாம் என்றான் ஒருவன். அது இடையில் இறுகி நின்றால் பிறகு யாரைக் கூப்பிடுவது என்று யேசுரட்ணத்தார் யோசித்தார். ரிவோல்வர் என்றால் விசையை இன்னொரு தரம் இழுத்தால் அடுத்த ரவை தானாக வந்து நிற்கும். இரண்டு அங்குலக் குழல் சட்டைப்பைக்குள் அடங்கும், ஆனால் கையை உதறியடிக்கும், குறியும் தப்பும். ஆறு அங்குலம் கவுண்டருக்குக் கீழே திரும்பாது. கடையின் கவுண்டரிலிருந்து வாசல்வரை அளந்து பார்த்தார், பதினொரு அடி. கடைசியில் நாலு அங்குலக் குழல், ஆறு ரவை, 'மூன்று ஐந்து ஏழு' என்ற ரகத்தைத் தெரிவு செய்தார். அதில் மெதுவான முப்பத்தெட்டு ரவையும் போடலாம். பழக ஒன்று, பதினொரு அடிக்கு ஒன்று, இரண்டுக்கும் ஒரே சாமான். தன் கெட்டித்தனத்தில் அவருக்கே பெருமை.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அனுமதிப் பத்திர விசாரணைக்குப் பொலிஸ் ஆபீசர் கடைக்கு மேலே இருந்த வீட்டுக்கு வந்தார். "ஸ்போர்ட் என்ற ஒரு சொல்லை விட்டு வேறொன்றும் பேசாதே" என்று கிளப் செயலாளர் சொல்லி அனுப்பியிருந்தார். யேசுரட்ணத்தார் அப்படியே சொன்னார். ஆபீசர், துவக்கு வைக்கச் சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார், திருப்தி. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, உபசாரத்துக்கு அருமைநாயகியைப் பார்த்து, உங்களுக்கு இதில் ஏதும் கவலை உண்டா என்று கேட்டார்.

அவள் எழும்பிப் போய் அந்த ஃபைலைக் கொண்டுவந்தாள்.

அகதி விசாரணைக்கு என்று எண்பத்தாறில் கட்டிய ஃபைல் அது. பங்குச் சுவாமியாரின் கடிதம், சமாதான நீதவானின் கடிதம், டொக்டரின் கடிதம். மூன்றிலும் ஒரே வசனம், இவருடைய உயிருக்கு ஆபத்து. எந்த ஆபீசர் வந்தாலும் இதைக் காட்டுங்கள் என்று அன்றைக்கு லோயர் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்திருந்தாள். காஸ் மீற்றர் பார்க்க வந்தவனுக்கும் காட்டியிருக்கிறாள். இப்போது எல்லாவற்றுக்கும் மேலே பொலிஸ் நம்பர் எழுதிய துண்டு இருந்தது.

"சேர், ஹிஸ் லைஃப் இன் டேஞ்சர். மை லைஃப் ஆல்சோ," என்றாள்.

ஆபீசர் ஒவ்வொரு தாளாக வாசித்துவிட்டுப் பேனையை மூடினார். தற்காப்பு நோக்கம் தெரிகிறது, அனுமதிக்கச் சிபாரிசு செய்ய முடியாது என்றார். யேசுரட்ணத்தார் கதிரையை விட்டு எழும்பினார். "இதே கடிதத்தை வாசித்துத்தான் உங்கள் அரசாங்கம் என்னை இருக்க விட்டது," என்று இங்கிலீசில் கத்தினார். "அங்கே ஆபத்து என்றால் நம்புவீர்கள். உங்கள் தெருவில் ஆபத்து என்றால் நான் குற்றவாளியா?" ஆபத்து என்றால் 999க்குப் போன் அடியுங்கள் என்று சொல்லிவிட்டு ஆபீசர் படியிறங்கினார்.

கதவு சாத்தியதும் அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"விசரி. ஆறு மாதம் ஓடித் திரிஞ்சு ஒண்டைத் தெரிஞ்சு எடுத்தன். எல்லாத்தையும் ஒரு நிமிசத்தில நாசமாக்கிப்போட்டாய். ஆருக்காக இந்தப் பாடு பட்டனான்? உனக்காகத்தானே."

அருமைநாயகி தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். முறிந்த கை இன்னும் சரியாக மடங்கவில்லை, மற்றக் கையால்தான் அடுக்கினாள்.

"எனக்காகவோ?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பெடியள் பிறகும் வாறவங்கள், தெரியுமே? சனிக்கிழமையில. நீங்கள் இல்லையெண்டு அவங்களுக்குத் தெரியும். ஆறு சனி வந்திட்டாங்கள். கேக்கிறதை எடுத்துக் குடுத்துப்போட்டு நிண்டனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்ப சொல்லுறது? வந்த உடன துவக்குக் கதைதானே. நீளம், கட்டை, ஆறு ரவை. ஒரு சனியாவது, நீ மேல போய்ப் படு, நான் நிக்கிறன் எண்டு சொன்னனீங்களோ?"

அவர் வாயைத் திறந்தார். திட்டுவதற்கு ஆபீசர் இருந்தார், சட்டம் இருந்தது, அந்தப் பெடியன்கள் இருந்தார்கள். ஒருவரையும் திட்டாமல், அவள் கையிலிருந்த ஃபைலை வாங்கி, மிச்சத் தாள்களைத் தானே அடுக்கினார்.