என் பெயரில் ஒரு நேம்சர்வர்

கோவை பீளமேட்டில் வீட்டிலிருந்தபடியே வெப்சைட் செய்து கொடுப்பவன் நான். சூலூரில் பெட்ஷீட் நெய்து விற்கும் ஓர் அக்காவுக்குத் தளம் தயார் செய்தேன். மறுநாள் அவிநாசியில் அவருடைய கடைத் திறப்பு. அழைப்பிதழிலேயே டொமைனை, அதாவது தள முகவரியை, அச்சடித்துவிட்டார்.

தளம் எந்தக் கணினியில் இருக்கிறது என்று வழி சொல்வதுதான் நேம்சர்வர். தளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்ததையே போட்டிருக்கலாம். எனக்குத்தான் ஆசை விடவில்லை. பெரிய கம்பெனி மாதிரி தெரியட்டும் என்று என் பெயரிலேயே ஒன்றை வைத்தேன். தளம் திறக்கவே இல்லை.

அந்த நிறுவனத்துக்கு போன் போட்டு, "உங்க சர்வர் செத்துப்போச்சுங்களா?" என்று பத்து நிமிடம் கத்தினேன். எதிர்முனைப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்களும் கோயமுத்தூருங்களா? திட்டறப்பக்கூட மரியாதை குறையலீங்க" என்று சிரித்தார். பிறகு, "டொமைன் வாங்கின எடத்துல நேம்சர்வரோட ஐபி நம்பரப் பதிஞ்சீங்களா?" என்றார்.

பதியவில்லை. என் சர்வருக்குள் மட்டும்தான் எழுதியிருந்தேன்.

"கல்யாணப் பத்திரிகைல மண்டபத்துப் பேர மட்டும் போட்டுட்டு, விலாசத்த மண்டபத்துக்குள்ள எழுதி வெச்சிருக்கீங்க. பந்திக்கு யாருங்க வருவாங்க?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நம்பரைப் பதிந்தேன். ஒரு மணி நேரத்தில் தளம் திறந்தது.

"கெட்டிக்காரருங்க தம்பி நீங்க!" என்றார் சூலூர் அக்கா.

"நானில்லீங்கக்கா, போன்ல பேசுன ஒரு அம்மணிதான் கண்டுபிடிச்சாங்க."

"அப்படீங்களா? அந்தப் புள்ள பேரென்னங்க? தெறப்புக்குக் கூப்பிட்டுப்போடலாம்."

சர்வருக்கு என் பெயரை வைக்க அத்தனை பாடுபட்டவன், அவர் பெயரைக் கேட்கவே இல்லை.