பொறையாற்றுக் கூடத்தில் ஒரு பிரெஞ்சு சீமாட்டி

ஆனந்தவல்லி விதைநெல் வாங்கினால் மூட்டையின் அடிவரை கைவிட்டு அள்ளிப் பார்ப்பாள். மேலே நெல்லைக் காட்டி அடியில் பதரைக் கட்டுகிற உலகம் இது என்பது அவள் கட்சி. கணவர் போன பிறகு பாபநாசத்துப் பக்கம் இருந்த நிலத்தைத் தானே நின்று சாகுபடி செய்தவள். ஏமாந்திருந்தால் வரப்புகூட மிஞ்சியிருக்காது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மருமகள் தேடவும் அதே கையோடுதான் கிளம்பினாள்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். அந்த ஆயிரத்தையும் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று இவள் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். அபுதாபியில் வேலை பார்க்கும் மகன் சூர்யபிரகாஷ் ஒவ்வொரு லீவுக்கும் வருவான், ஒரு பெண்ணைப் பார்ப்பான், திரும்பிப் போவான். ஒருத்தியின் சித்தப்பா வீட்டை விட்டு ஓடியவராம். இன்னொருத்தி ரொம்பச் சிரித்தாள். ஒரு வீட்டில் எல்லாமே சரியாக இருந்தது, அதுதான் உதைக்கிறது என்று ஆனந்தவல்லி எழுந்து வந்துவிட்டாள். பையனுக்கு முப்பத்தெட்டு ஆகிவிட்டது. தரகர்கள் அவர்கள் தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். இந்த இடமும் தட்டிப்போனால் இனி கல்யாணப் பேச்சே கிடையாது என்று அவளுக்கும் தெரியும்.

இந்த இடம் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், பொறையாறு. பெண் செம்மொழி பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அப்பா மருதையன் வாசலுக்கே வந்து தாயையும் மகனையும் அழைத்துப்போனார். கூடத்தில் உட்கார்ந்த மறுநொடி ஆனந்தவல்லியின் கண் சுவருக்குப் போனது. அங்கே பெரிதாக ஒரு படம். நீலப் பட்டு கவுன் போட்ட பெண். இளம் முகம், ரோஜா நிறக் கன்னம். தலை மட்டும் பஞ்சாக நரைத்திருந்தது.

யாரோ வெள்ளைக்காரி என்று விட்டிருப்பாள். ஆனால் கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு இருந்தது. வெள்ளைக்காரிக்கு எதற்குத் திருஷ்டிப் பொட்டு? காரைக்கால் கூப்பிடு தூரம், பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர். அப்படியென்றால் இவள் கவுன் மாட்டிக்கொண்ட இந்த வீட்டு ஆள்தான், இளநரை இவர்கள் பரம்பரையிலேயே ஓடுகிறது. ஆனந்தவல்லி, எதிரே வந்து உட்கார்ந்த செம்மொழியின் வகிட்டை உற்றுப் பார்த்தாள். இன்றைக்குக் கறுப்புதான், நாளைக்கு யார் கண்டது?

படத்தில் இருப்பவர் அப்பா வழியா, அம்மா வழியா என்று நைச்சியமாகக் கேட்டாள். மருதையன் திருதிருவென்று விழித்தார். செம்மொழிதான் சொன்னாள். அது இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின ஒரு பிரெஞ்சுப் பிரபுவின் மனைவி. காலேஜில் படித்தபோது ஒரு புத்தகத்தைப் பார்த்து வரைந்தது. தலை நரைக்கவில்லை, மாவு தூவியிருக்கிறாள், அந்தக் காலத்தில் பெரிய வீட்டுப் பெண்களுக்கு அதுதான் நாகரிகம். பொட்டு கறுப்புப் பட்டுத்துணி. அழகுக்கு ஒட்டுவார்கள், அம்மைத் தழும்பை மறைக்கவும் ஒட்டுவார்கள்.

கேட்கக் கேட்க ஆனந்தவல்லிக்குச் சந்தேகம் ஒரு படி ஏறியது. பலகாரத்துக்கு ஆகிற மாவைத் தலையில் கொட்டிக்கொண்டவளை நடுக்கூடத்தில் மாட்டுவார்களா? தழும்பை மறைத்தவளைத் தேடிப்பிடித்து வரைந்தவள், தான் எதை மறைக்கிறாளோ?

"மறைக்கிறதுல அப்படி என்னம்மா அழகக் கண்ட நீ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்தாள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். மருதையன் முகம் சுண்டிப்போனது.

சூர்யபிரகாஷ் எழுந்திருக்கவில்லை.

"உக்காரும்மா. இங்க மறைக்கிறது நான்தான். நாலு வருஷமா தலைக்குச் சாயம் அடிக்கிறேன். நீ ஒவ்வொரு வீட்டுலேர்ந்தும் எந்திரிச்சு வந்துட்ட. எனக்கு நரைச்சுக்கிட்டே போச்சு. நீ பாத்தா மனசு கஷ்டப்படுவன்னு பிளைட் ஏர்றதுக்கு முந்தின நாளு அடிச்சுக்கிட்டு வருவேன்."

ஊரார் வீட்டுப் பெண்களை எல்லாம் தலையிலிருந்து கால்வரை ஆராய்ந்தவள் தன் பிள்ளையின் தலையைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். காதோரம் கறுப்பு கொஞ்சம் அதிகமாகவே கறுப்பாக இருந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது, அதையும்விட அவன்மேல் பாவமாக இருந்தது. மெல்ல உட்கார்ந்தாள்.

இத்தனை வருஷத்தில் எந்தப் பெண்ணிடமும் கேட்காத ஒன்றைச் செம்மொழியிடம் கேட்டாள்.

"உனக்கு இவனப் புடிச்சிருக்காம்மா?"

செம்மொழி அவன் காதோரத்தை எட்டிப் பார்த்தாள்.

"சாயம் போனதுக்கப்புறம் ஒரு தடவ வரச் சொல்லுங்க அத்தை. பாத்துட்டுச் சொல்றேன்."