நடை வேகத்தில் ஒரு மாப்பிள்ளை கார்

போன வாரம் சிதம்பரத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை, என் பெரியப்பா மகன் சேகர். அவர் உட்கார்ந்து வந்த கார் என்னுடையது. ஓட்டியதும் நான்தான்.

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். தப்பா என்ன?

கார் பழசு. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிக் களைத்தது. ஆனால் எங்கள் வீட்டின் முதல் கார். அப்பா நெல்லிக்குப்பத்தில் மூட்டை தூக்குகிறார். அம்மா கரும்பு வெட்டப் போனவள். பள்ளிக்கூடம், காலேஜ், கார்... எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் முதல் ஆள் நான்தான். இதை அம்மா ரேஷன் கடை வரிசையில்கூடச் சொல்லிவிடுவாள்.

சொன்னதோடு விட்டாளா? நிச்சயதார்த்தத்தில், பெண் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் அறிவித்துவிட்டாள்: "மாப்ள அழைப்புக்கு வாடகை காரெல்லாம் வேணாங்க. எம் பொண்ணு காரு இருக்குது."

நான் அம்மாவின் முழங்கையைக் கிள்ளினேன்.

ஏனென்றால் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை மிதித்தால் என் கார் பறக்கும். மிதிப்பதை நிறுத்தினால்தான் பிரச்சினை. ஸ்பீடு பிரேக்கர், ரயில்வே கேட், பஸ் ஸ்டாண்டு நெரிசல் — எங்கே காலை எடுத்தாலும் இன்ஜின் ஒரு தடவை ஏறும், ஒரு தடவை இறங்கும், இருமும்... நின்றுவிடும்.

மாப்பிள்ளை அழைப்பில் கார் எப்படிப் போகும்? முன்னால் பாண்டு செட்டும் பையன்களின் ஆட்டமும், அப்புறம் நாதஸ்வரம், அதற்கும் பின்னால்தான் கார். கிழவிகள்கூட நம்மை முந்திப் போவார்கள். நடுவீதியில் மாப்பிள்ளை கார் நின்றால், எங்கள் பக்கத்தில் யாரும் பெட்ரோலையோ பேட்டரியையோ குறை சொல்ல மாட்டார்கள். "பொண்ணு வர்ற ராசி" என்பார்கள். நிற்பது என் கார். பேச்சு கேட்பது அந்தப் பெண். ஆயுசுக்கும்.

பெரியப்பா நாசூக்காகத்தான் ஆரம்பித்தார். "புதன்கெழமைக்குள்ள சொல்லிடு பாப்பா. இல்லன்னா வெள்ள காரு ஒண்ணு பேசிடறேன்."

சேகர் அண்ணனுக்கு நாசூக்கு தெரியாது. கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். "நான் டிராக்டர்லயே வந்துடறேன் புள்ள. அது நிக்கவே நிக்காது. உன் கார்ல வந்தா பட்டு வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு நானே தள்ளணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்தோணி அண்ணன்தான் என் காருக்கு மெக்கானிக். அம்பாசிடர் கால கைராசிக்காரர். கார் நிற்கிறது என்று போனபோதெல்லாம் ஒரே வைத்தியம்தான். பானெட்டைத் திறந்து, ஸ்க்ரூவைத் திருகி, ஐட்லிங்கை, அதாவது காலை எடுத்தபின் இன்ஜின் சும்மா ஓடும் வேகத்தை, ஏற்றிவிடுவார். "இனிமே நிக்காதும்மா." ஒரு வாரம் நிற்காது. அப்புறம் நிற்கும்.

நான் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். அங்கே ஒரு வால்வு முழுக்க மூடியிருக்கும். கம்ப்யூட்டர் திரை 'கொஞ்சம் திறந்திருக்கு' என்று காட்டும். வால்வின் நிலையைச் சொல்லும் சென்சார் நகர்ந்திருக்கும். அதைச் சரியான பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. திங்கட்கிழமை ஒரு வால்வோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது சுரீர் என்று உறைத்தது. என் காரிலும் இப்படி ஒன்று இருக்கிறதே! த்ராட்டில் பொசிஷன் சென்சார். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குட்டிப் பெட்டி.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, மல்டிமீட்டரோடு அந்தோணி அண்ணன் ஷெட்டுக்குப் போனேன்.

"அண்ணே, அந்த ஸ்க்ரூவத் தொடாதீங்க. மீட்டர் வச்சிப் பாப்போம்."

"காருக்கு மீட்டரா? ஆட்டோவுக்குத்தாம்மா மீட்டரு. அதையே எவனும் போடறதில்ல."

டயருக்குக் காற்றடிக்க வந்திருந்த ஒரு வேன் டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா அந்தோணி, காருக்குப் பிரசவமா? லேடி டாக்டர்லாம் வந்திருக்காங்க!"

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினேன். சென்சார் ஒயரில் ஊசியைச் செருகி மீட்டரை மாட்டினேன். காலை எடுத்த நிலையில் அரை வோல்ட் காட்ட வேண்டும். கிட்டத்தட்ட ஒரு வோல்ட் காட்டியது. அந்தோணி அண்ணனை மெதுவாக மிதிக்கச் சொன்னேன். முள் எங்கேயும் குதிக்காமல் சீராக ஏறியது. அப்பாடா! சென்சார் சாகவில்லை. நாம்தான் அதைக் குழப்பியிருக்கிறோம்.

விஷயம் இதுதான். ஆதியில், இன்ஜினுக்குக் காற்று விடும் கதவான த்ராட்டிலின் வாயில் அழுக்கு அடைத்து இன்ஜின் நின்றிருக்கிறது. அழுக்கை எடுக்காமல் ஸ்க்ரூவைத் திருகியதில் த்ராட்டில் முழுசாக மூடுவதே இல்லை. நான் காலை எடுத்தாலும், 'இன்னும் மிதிக்கிறாள்' என்றே கம்ப்யூட்டர் நினைக்கும். ஐட்லிங்கை விழாமல் பிடித்து வைக்கும் வேலையை அது செய்யவே செய்யாது.

வண்டி நின்றால் ஐட்லிங்கை ஏற்று. வீட்டில் பெண் பிள்ளை கேள்வி கேட்டால் குரலை ஏற்று. நம் ஆட்களுக்குக் காரணத்தைத் தேடுவதென்றால் எவ்வளவு சோம்பல்!

அழுக்கைத் துடைத்தேன். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்கினேன். சென்சாரின் இரண்டு திருகுகளையும் தளர்த்தி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். அரை வோல்ட் வந்தது. முறுக்கினால் நகர்ந்துவிட்டது. மறுபடி திருப்பினேன்... மறுபடி நகர்ந்தது. கடைசியில் நான் பிடித்துக்கொள்ள, அந்தோணி அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு முறுக்கினார். முள் அசையவில்லை.

ஸ்டார்ட் செய்தேன். பாரம் கூட்டிப் பார்க்க ஏசி போட்டேன். ஹெட்லைட் போட்டேன். இன்ஜின் ஒரு சொட்டு இறங்கி, தானாகவே நிமிர்ந்துகொண்டது.

"இத்தினி நாளா கம்ப்யூட்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டின்னே நெனச்சி வைத்தியம் பாத்துட்டம்மா" என்று சிரித்தார் அந்தோணி அண்ணன். பிறகு வேன் டிரைவர் பக்கம் திரும்பி, "சுகப் பிரசவம்யா!" என்றார்.

பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "வெள்ள காரு வேணாம் பெரியப்பா."

மாப்பிள்ளை அழைப்பன்று மேல வீதியில் ஊர்வலம் ஊர்ந்தது. நாதஸ்வரக்காரர் முக்குக்கு முக்கு நின்று வாசித்தார். பையன்கள் நகரவே மாட்டேன் என்று ஆடினார்கள். மாலைக்குள்ளிருந்து சேகர் அண்ணன் கிசுகிசுத்தார்: "ஓடிக்கினுதானே இருக்கு? சத்தமே காணமே!"

"ஓடுது. மூஞ்ச உர்ருன்னு வக்காதீங்க, வீடியோ எடுக்கறாங்க."

மண்டபம் வரை கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வாசலில் மணப்பெண்ணின் மாமா தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை பாக்கு, வேட்டி, துண்டு.

"டிரைவர் எங்கம்மா? மரியாத செய்யணும்."

"நான்தாங்க."

என்னைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். மனிதர் தவித்துப்போனார். பின்சீட்டிலிருந்து அம்மா இறங்கி வந்தாள். "ஓட்டினவங்களுக்குத்தானுங்க மரியாத? அவகிட்டயே குடுங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு அப்பா அந்த வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு வந்தார். புதுசா என்று யாரோ கேட்டதற்கு, "டிரைவருக்குக் குடுத்ததுங்க" என்றார் — கெட்டி மேளத்தையும் மீறிக் கேட்கும் குரலில்.