தேதி வெட்டிய சட்டுவம்

எங்கள் வீட்டில் டம்ளருக்கும் பிறந்த நாள் உண்டு. பாத்திரம் வாங்கினால் எல்லோரும் பெயர் வெட்டுவார்கள். நான் பெயருக்குக் கீழே தேதியையும் வெட்டச் சொல்வேன். எந்தக் குண்டா எப்போது வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் என்னோடு வாதாட முடியாது. வாதாட யாரும் விரும்பியதில்லை என்பதும் உண்மை.

தேதி இல்லாமல் தப்பித்திருந்தது ஒன்றே ஒன்றுதான். தொண்ணூற்று நாலில், கோவைத் தேர்த்திருவிழாக் கடையில் என் மனைவி வாங்கிய தோசைத் திருப்பி. எங்கள் பக்கம் அதைச் சட்டுவம் என்போம். மரக் கைப்பிடி, மெல்லிய எஃகுத் தகடு. விரலால் அழுத்தினால் வளையும், விட்டால் நிமிர்ந்துகொள்ளும். எங்கள் தோசைக்கல்லின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. விறைப்பான சட்டுவங்கள் பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். தோசையின் நடுப்பகுதி கல்லோடு தங்கிவிடும். இது மட்டும் உள்ளே இறங்கி, தோசையை முழுதாக ஏந்திக்கொண்டு மேலே வரும்.

அது வந்து ஓராண்டு நிறைந்த நாளில், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அதைப் பையில் போட்டுக்கொண்டு பெயர் வெட்டுபவரிடம் போனேன். அவர் பாத்திரக் கடை வாசலில் மிஷினை ஓரமாக வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கரண்ட் இல்லீங்க. வந்ததும் மேலாப்புல எழுதித் தாரனுங்க."

"உளி இருக்குதுல்லங்க?"

"இருக்குதுங்க. ஆனா இது குண்டா இல்லீங்களே, தகடு. உளி வெச்சா இந்தப் பக்கம் குழி, அந்தப் பக்கம் கொப்புளம். ஊட்டுல அம்மணிக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. திடீர்னு காட்டோணும்."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "செரிங்க. கேட்டா எம் பேரச் சொல்லிப்போடாதீங்க."

மறுநாள் காலை முதல் தோசை கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவதில் அவள் சட்டுவத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. இதென்னுங்க, அம்மைக் கொப்புளமாட்டம்?"

"தேதி."

"ஆருக்கு?"

"சட்டுவத்துக்கு. நீ வாங்குன நாள்."

"நான் கேட்டனுங்களா? ஞாயித்துக்கெழம எங்கண்ணன் ஊட்டுல இருந்து ஆறு பேர் வாராங்க. அவங்க தட்டுல என்னத்தப் போடறது, உங்க தேதியவா?"

கல்யாணத்துக்கு முன்பு அவள் சுட்ட தோசை எதுவும் வட்டமாக வந்ததில்லையாம். பெருந்துறையில் இருக்கும் அவள் அண்ணன் அதை விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிக் காட்டுவார். எங்கள் வீட்டில் அவர் காலைச் சாப்பாடு சாப்பிட வருவது இதுதான் முதல் தடவை.

அன்றே வேறொரு சட்டுவம் வாங்கி வந்தேன். பளபளவென்று இருந்தது, பள்ளத்துக்குள் மட்டும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் லேத் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் பழைய சட்டுவத்தைக் கொண்டுபோய்ச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த முடியுமா என்று கேட்டேன்.

"தட்டினா கோணிக்குமுங்க. தேய்க்கோணும், பொறுமையா," என்று சொல்லி, உளி தீட்டும் எண்ணெய்க்கல் ஒன்றைக் கொடுத்தார். யார் தேய்ப்பது என்று நான் கேட்கவில்லை.

வெள்ளி மாலையும் சனி மாலையும் துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்து தேய்த்தேன். அவள் அவ்வப்போது வந்து விரல் நுனியால் சோதிப்பாள்.

"நாளும் மாசமும் போயிருச்சுங்க. வருசத்துல இன்னும் ரெண்டு புள்ளி முட்டுது."

வருடமும் போயிற்று. ஆனால் உளி ஆழமாக இறங்கிய இடங்களில், கொப்புளம் தேய்ந்ததும் தகட்டில் ஊசித் துளைகள் விழுந்துவிட்டன. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சோதனைக்கு ஊற்ற மாவும் இல்லை; இருந்ததெல்லாம் மறுநாளைக்கென்று பொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை முதல் தோசைக்குக் கல்லில் மாவு விழுந்தபோது நான் அடுக்களைக் கதவோரம் நின்றேன். சட்டுவம் விளிம்பில் நுழைந்தது, பள்ளத்தில் வளைந்து இறங்கியது, ஏறியது. தோசை முழு வட்டமாகத் திரும்பி விழுந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்ததற்கு மாவை அள்ளினாள்.

பதினோராவது தோசைக்குப் பிறகு மச்சான் தட்டோடு அடுக்களைக்குள்ளேயே வந்துவிட்டார். மேடையில் இருந்த சட்டுவத்தை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெயில் ஊசித் துளைகள் வழியே வந்து, நாள், மாதம், வருடம் எல்லாம் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரிந்தன.

"ஏனுங் மாப்ள, காலண்டர செவுத்துல மாட்டாம இதுல மாட்டிட்டீங்களா?"

"தேதிய உடுங்ண்ணா," என்றாள் அவள். "தோசை எப்படி?"

அவர் தட்டைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "வட்டமாத்தான் இருக்குது, கண்ணு. இன்னொன்னு ஊத்து."

அவள் ஊற்றினாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்குத் தேதிய எழுதி வெச்சுக்குங்க. நோட்டுல."