ஸ்டெல்லா பழக்கிய நாய்க்குட்டி

ஸ்டெல்லா போய்விட்டாள்.

காலையில் அவள் மகன் போன் செய்தான். "ஆன்ட்டி... அம்மா..." என்றான்.

பழைய பேக்கிங் செக்‌ஷன் ஆட்களுக்கு அவளைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பென்னலூர்க்காரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு எதிர் டேபிள். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது, பேச்சு மட்டும் தங்கிவிட்டது... கொஞ்சம் சத்தமாக. நாம் பேசுவதை உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவாள்.

சரக்கு ஓடும் பெல்ட் மக்கர் பண்ணப்போவது எங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். டேபிள் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூப்பர்வைசரக் கூப்புடு" என்பாள். கொஞ்ச நேரத்தில் லைன் நின்றுவிடும். அவள் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது எங்கள் நாய்க்குட்டியைப் பற்றி.

1991. குன்றத்தூரில் வாடகை வீடு, மகளுக்கு மூன்று வயது. என் வீட்டுக்காரர் தெரிந்தவரிடமிருந்து ஒரு குட்டி வாங்கிவந்தார். உடம்பு முழுக்க வெள்ளை. பஞ்சு என்று பேர் வைத்தோம்.

ஒரே வாரத்தில் வீடு நாறிவிட்டது. கூப்பிட்டால் வராது, அதட்டினால் அடங்காது. இவர் பேப்பரைச் சுருட்டி ரெண்டு போடுவார். அது பேந்தப் பேந்த விழிக்கும்... மறுபடி அதே இடத்தில் போகும்.

ஒருநாள் அது தூங்கும்போது மகள் போய்க் கட்டிப்பிடித்தாள். வெடுக்கென்று கையைக் கடித்துவிட்டது. பிள்ளைக்கு ஊசி போட வேண்டியதாகிவிட்டது.

ஹவுஸ் ஓனர் அம்மா வாசலில் நின்று, "நாய் வோணுமா வூடு வோணுமான்னு நீயே பாத்துக்கமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று இவர் முடிவு செய்தார். லஞ்சில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். பிசைந்த கையோடு என் வாயையே பார்த்தாள்.

"திரும்பச் சொல்லு. கூப்ட்டா திரும்பவே மாட்டுதா?"

"ம்ஹூம்."

"தூங்கும்போது தொட்டாதான் கடிக்குதா?"

"ஆமா..."

"நான் வர்ற வரிக்கும் எங்கியும் வுடாதடீ."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டாள். காபிகூடக் குடிக்கவில்லை. இரண்டு எவர்சில்வர் தட்டு கேட்டாள். பஞ்சுவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, இரண்டையும் டமார் என்று மோதினாள்.

மகள் பயந்துபோய்க் காதைப் பொத்திக்கொண்டாள். பஞ்சு பாட்டுக்குச் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா குட்டியைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வந்ததா என்று அவள் எங்களிடமிருந்துதானே தெரிந்துகொள்ள வேண்டும்?

பிறகு தரையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். பஞ்சு சட்டென்று திரும்பியது.

"இதுக்குக் காது கேக்கலடீ சாந்தி."

இவர் மெதுவாக, "தெரியாம அடிச்சிட்டேன்மா" என்றார்.

"என்னையும் அடிச்சாங்கண்ணா. ஸ்கூல்ல... கூப்ட்டா திரும்பல, திமிருன்னு. ஆறு மாசம் கழிச்சிதான் தெரிஞ்சிது."

சாதாரணமாகத்தான் சொன்னாள். இவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தாள். தூங்கும்போது தொடக்கூடாது, முதலில் முகத்துக்கு முன்னால் லேசாக ஊத வேண்டும். சாப்பிட்டதும் தூக்கிக்கொண்டு போய்த் தினமும் ஒரே முருங்கை மரத்தடியில் விட வேண்டும். போனால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி ஒரு துண்டு பொறை ரொட்டி. உள்ளங்கையை நிமிர்த்தினால் உட்கார வேண்டும். சாயந்திரம் வாசல் லைட்டை ரெண்டு தடவை அணைத்துப் போட்டால் உள்ளே வர வேண்டும்.

வெளியே போனால் பத்தடிக்கு ஒருதரம் நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் அதிக நாள் ஆனது. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் பொறை. பாக்கெட் பாக்கெட்டாகத் தீர்ந்தது.

முதலில் வீடு நாறுவது நின்றது. பிறகு கடிப்பது. என் மகள் உள்ளங்கையை நிமிர்த்த, பஞ்சு உட்கார... ஹவுஸ் ஓனர் அம்மாவே வந்து வேடிக்கை பார்த்தார்.

ஒரு ஞாயிறு, வீட்டுக்குப் பக்கத்துக் காலி மைதானம். கயிறு இல்லாமல் விட்டுப் பார்க்கலாம் என்று ஸ்டெல்லாதான் சொன்னாள். பஞ்சு ஒரு காக்காயைத் துரத்திக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்து ஓடியது. வளைவில் செங்கல் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

நான் கத்தினேன். யாருக்காகக் கத்தினேன் என்று தெரியவில்லை... அங்கே இருந்த இரண்டு பேருக்கும் அது கேட்காது.

ஸ்டெல்லா ஓடவில்லை. இருந்த இடத்திலேயே கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ரோட்டு ஓரத்தில் பஞ்சு ஒருதரம் திரும்பிப் பார்த்தது.

உட்கார்ந்தது.

லாரி அதைத் தாண்டிப் போனது. அந்தப் புழுதி அடங்கும்வரை அவள் கையை இறக்கவில்லை. புழுதிக்குள் அந்தக் குட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அப்படி ஒன்றை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

பிறகுதான் ரோட்டு ஓரத்துக்குப் போனாள். பஞ்சுவை மடியில் போட்டுக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் நம்மைப் பார்க்காவிட்டால் அவளிடம் எதுவும் பேச முடியாது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பஞ்சு எங்களோடு பன்னிரண்டு வருஷம் இருந்தது.

நாளை காலை பென்னலூரில் அடக்கம். பழைய செக்‌ஷன் ஆட்கள் முடிந்தவர்கள் வாருங்கள். என் மகளும் ராத்திரியே பெங்களூரில் பஸ் ஏறுகிறாள்.

நிம்மதியாகப் போ ஸ்டெல்லா... நான் காலையில் வந்துவிடுகிறேன்.