வைஸில் பிறந்த சிங்கம்

என் மனைவியின் அண்ணனுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு. காய் இறங்கிவிட்டால், அடுத்த பூ வரைக்கும் அவருக்குக் கைபேசிதான் விவசாயம். அச்சுப் பிழை உள்ள காசு லட்சக்கணக்கில் விலை போகிறது என்று எவனெவனோ கத்தும் வீடியோக்களை அந்த ஓய்வில் பார்த்துத் தொலைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், மோதிரப் பெட்டியைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து ஓர் ஐந்து ரூபாய்க் காசை எடுத்தார்.

“அஞ்சு போட்டிருக்கற பக்கம் பாருங்க மாப்ள. சிங்கம் தெரியுதா? இடம் வலம் மாறி, பள்ளமா? காசு அடிக்கற மிண்ட்லயே நடந்த தப்பு. ஒருத்தன்கிட்ட ஆட்டுக் கெடா குடுத்து வாங்கினேன்.”

நான் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறவன். பாகத்தில் ஒரு குறை தெரிந்தால், அது அச்சிலேயே வந்ததா, பிறகு எவனாவது போட்டு நசுக்கியதா என்று பிரித்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். மச்சான் கெட்ட நேரம், லென்ஸும் வீட்டில் இருந்தது.

“மிண்ட்ல ஒரு காசு அச்சுலயே ஒட்டிக்கிட்டா, அடுத்த தகடு அந்தக் காசு மேல அடி வாங்கும் மச்சான். அப்பதான் சிங்கம் திரும்பி விழும். அந்தப் பக்கத்த அஞ்சோட அச்சு தொடவே தொடாது. உங்க காசுல அஞ்சும் இருக்குது, அது தலைமேல சிங்கமும் உக்காந்திருக்குது. பின்பக்கம் பாருங்க. நெஜ சிங்கம் மூஞ்சி சப்பையாகி, கட்டம் கட்டமா கோடு. பட்டறையில இரும்பக் கவ்விப் பிடிக்கற வைஸோட பல்லு அது. ரெண்டு காசச் சேத்து வச்சு இறுக்கியிருக்கான்.”

“தெனமும் ரிஜெக்ட் பண்ணிப் பண்ணி, எதப் பாத்தாலும் உங்களுக்கு ரிஜெக்ட்டாவே தெரியுது.”

“எங்கண்ணன் எது கொண்டாந்தாலும் இவருக்கு ஆகாது” என்றாள் சமையலறையிலிருந்து என் மனைவி.

வாயால் சொன்னால் ஏறாது என்று புரிந்தது. மறுநாள் மத்தியானம், கம்பெனியில் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, இரண்டு ஐந்து ரூபாய்க் காசுகளை முதுகும் வயிறுமாகச் சேர்த்து வைஸில் வைத்து இறுக்கினேன். அச்சு அசலாக அதே சிங்கம். அடுத்த வாரம் மாந்தோப்புக்குப் போய் அதை மச்சான் உள்ளங்கையில் வைத்தேன். அவர் முகம் வெட்கப்படும் என்று எதிர்பார்த்தேன். மலர்ந்தது.

“மாப்ள! உங்களுக்கும் கெடச்சிருச்சா!”

“நான் செஞ்சது மச்சான். சாப்பாட்டு நேரத்துல.”

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “கவர்மென்ட்டு மிஷின்ல ஆனத, நீங்க சாப்பாட்டு நேரத்துல செஞ்சீங்களாக்கும்.”

பிறகு ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி போட்டபோது, இரண்டு காசுகளையும் எடுத்துக்கொண்டு மச்சானே என்னை இழுத்துப் போனார். பெங்களூரிலிருந்து வந்திருந்த வியாபாரி, லென்ஸை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

“எரடூ டேமேஜ் சார்” என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். “ரெண்டும் வைஸ்ல நசுக்கினது. பெட்டிக்கடையில குடுத்தாக்கூட யோசிப்பான்.” பிறகு நான் செய்ததை மட்டும் மறுபடி கையில் எடுத்தார். “ஆனா இது செஞ்சவன் கை சுத்தம். சிங்கம் கரெக்டா நடுவுல உக்காந்திருக்கு.”

வெட்கமில்லாமல் பூரித்துப்போனேன். கம்பெனியில் இத்தனை வருடத்தில் ஒரு மேலாளர் இப்படிச் சொன்னதில்லை.

மச்சான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தலையைக் குனிந்தபடியே நடந்தார். போன கிடாவை நினைத்து மனம் ஒடிந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே நின்றார்.

“கவனிச்சீங்களா மாப்ள? அடிமாட்டு வெலைக்குக் கேக்கத்தான் டேமேஜுங்கறான். ஆனா ரெண்டாவதக் கையில எடுத்ததும் அவன் வாயில உண்மை வந்திருச்சு. உங்களுதுதான் ஒரிஜினல். என்னைய அந்தக் கெடா வாங்கிட்டுப் போனவன் ஏமாத்திப்புட்டான்.”

சொல்லிவிட்டு மோதிரப் பெட்டியைத் திறந்தார். என் காசைப் பஞ்சுக்குள் பத்திரமாகப் புதைத்தார். தன்னுடையதை என் கையில் அழுத்தினார்.

“வீட்டுப் பொண்ணையே உங்களுக்குக் குடுத்திருக்கோம். இத மாத்திக்கறதுல என்ன வந்துச்சு?”

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குச் சந்தோஷமாகக் கை காட்டினார்.