மேலங்கி அறைக்கு வந்த அழைப்பு

வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே கறுத்துப்போன அந்தப் பழைய மரக்கப்பல் நிற்கும். அதன் வளைந்த முகப்பின் கீழ், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மாமா நிற்பார். ஒஸ்லோவுக்கு வரும் பயணிகள் தவறாமல் பார்க்கும் அருங்காட்சியகம் அது. மாமா அங்கே காவலர். அம்மாவின் ஊர்க்காரர் என்பதால் எனக்கு மாமா. பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்த எனக்கு, வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் வருபவர்களின் மேலங்கிகளை வாங்கி வைக்கும் வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான்.

கழிப்பறை எங்கே என்றுதான் பெரும்பாலானோர் அவரிடம் கேட்பார்கள். கப்பலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் முகம் மலர்ந்துவிடும். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம், "இதுக்குள்ளை ரெண்டு பொம்பிளையளை வைச்சுத் தாட்டவை" என்றார். அவர்கள் விழித்தார்கள். "புதைச்சவை" என்று திருத்திச் சொன்னார். "கட்டில், வண்டில், சமையல் சாமான் எல்லாம் கூட வைச்சு, மரியாதையா அனுப்பினவை."

2009ஆம் ஆண்டு, இலங்கைப் போரின் கடைசி மாதங்கள். மாமாவின் அக்கா வன்னியில் அகப்பட்டிருந்தார். தாயில்லாத மாமாவைத் தூக்கி வளர்த்தவர். அங்கிருந்து பேச முடிந்தவர்கள், யாரிடமாவது இருந்த, செயற்கைக்கோள் வழி இயங்கும் செய்மதித் தொலைபேசிக்காக வரிசையில் நின்று ஒரு நிமிடம் பேசினார்கள். கப்பல் கூடத்தில் காவலர்கள் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது. அதனால் மாமா தன்னுடையதை என்னிடம் தந்துவிட்டுப் போவார். "பிள்ளை, அக்கா அங்கையிருந்து கோல் எடுத்தா ஓடிவந்து சொல்லு. மற்ற ஆக்கள் எடுத்தா விடு."

ஈஸ்டர் விடுமுறையில் ஒருநாள் இரண்டு பேருந்துகள் ஒன்றாக வந்து நின்றன. வெளியே ஈரப்பனி. மேலங்கிகள் குவிந்தன. கைப்பேசி அடித்தது, விட்டேன். மறுபடி அடித்தது. என் முன்னால் ஒரு முதியவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார், விட்டேன். மூன்றாம் தடவைதான் எடுத்தேன். இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல்: "தம்பி... தம்பி..."

"ஃபோனை வையாதேங்கோ, மாமாவைக் கூப்பிடுறன்" என்று கத்தியபடி ஓடினேன். கூடத்தின் வாசலை அடைவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. மாமா யாருக்கோ கப்பலின் செதுக்கு வேலையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அவரை நெருங்கவில்லை. திரும்பி வந்து அந்த இலக்கத்துக்கு அடித்துப் பார்த்தேன், போகவில்லை. முதல் மணிக்கே ஏன் எடுக்கவில்லை என்று மாமா கேட்டால் என்ன சொல்வது? வந்த அழைப்புகளையெல்லாம் அழித்தேன்.

வேலை முடிந்து வந்தவர், "ஒருத்தரும் எடுக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை, மாமா."

அதன்பிறகு அக்காவிடமிருந்து அழைப்பு வரவில்லை. போர் முடிந்தபின் முகாம்களிலிருந்து வந்த பெயர்ப் பட்டியல்களில் மாமா விரலை வைத்து வைத்துத் தேடினார். அந்தப் பெயர் எதிலும் இல்லை. புதைத்த இடமும் தெரியவில்லை. ஆனால் அவரை அரித்தது வேறொன்று. "எத்தினை சனம் எடுத்துக் கதைச்சது. கடைசியிலை அவவுக்கு என்ரை நினைவு வரேல்லைப் போல" என்பார். கோயிலில், கலியாண வீடுகளில், எங்கள் வீட்டு மேசையில் என்று எத்தனையோ முறை அதைக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் வாய்வரை வந்த உண்மையை விழுங்கினேன்.

ஓய்வு பெற்று, ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் வீட்டோடு இருக்கும் அவரிடம், போன வருடம்தான் சொன்னேன். திட்டுவார், வெளியே போ என்பார் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப அக்கா எடுத்தவாவோ?"

"ஓம், மாமா. மூண்டு தரம்."

"என்ன சொன்னவா?"

"தம்பி எண்டு கூப்பிட்டவா. ரெண்டு தரம்."

மாமா எழுந்து, சுவரைப் பிடித்தபடி, மாமி சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் நடந்தார். "இஞ்சை வாருமப்பா! அக்கா எடுத்தவாவாம்! என்னைத் தம்பி எண்டு கூப்பிட்டவாவாம்!" கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்கவேயில்லை. ஈரக்கையோடு வந்து நின்ற மாமிதான் அந்தக் கேள்வியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.